வெற்றுக் கோதும் பழைய மெசினும்

எங்களில் கனபேர் சின்னனில் வெற்றுக் கோது பொறுக்கியிருக்கிறம். மழை பெய்து மண் கழுவுப்பட்டால் வளவுக்குள்ளும் ஒழுங்கைக் கரையிலும் மினுங்கிக்கொண்டு கிடக்கும். ஜாம் போத்தலுக்குள் போட்டுக் குலுக்கினால் நல்ல சத்தம் வரும். காந்தம் வைத்தால் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. ஒட்டினது இரும்பு, ஒட்டாதது பித்தளை. பிறகு ஒருநாள் வீட்டில பெரியாக்கள் போத்தலைக் கண்டு பேசிப்போட்டு, கொண்டுபோய் எங்கேயோ கொட்டிவிடுவினம். செக்கிங் வந்தால் என்ன மறுமொழி சொல்லுறது? வெற்றுக் கோது எண்டாலும் கோது கோதுதான்.

அமெரிக்காவில் அந்தக் கோதைக் குனிந்து பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆட்கள் லட்சக்கணக்கில் இருக்கினம். கராஜுக்குள் மேசையில் பூட்டின ஒரு மெசினில் வைத்து அதைத் திரும்பவும் ரவையாக்குகிறார்கள். அந்த மெசினைப் பழசாக வாங்கி, கழட்டிக் கழுவி, செட் பண்ணி எடுப்பது அங்கே ஒரு தனிக் கலை. இதைப்பற்றி முதலில் கேள்விப்பட்டபோது எங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. வாசிக்க வாசிக்க, எங்கள் போத்தலும் அவர்களின் மெசினும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் எண்டு விளங்கியது.

முதலில் ரவையைப் பார்ப்போம். அதில் நாலு பாகம்: கோது, அடியில் குத்துப்பட்டால் பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, முன்னால் பறக்கும் சன்னம். சுட்டபிறகு சன்னம் போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது கோது மட்டும். பித்தளை கொஞ்சம் விரிந்திருக்கும். அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் பலமுறை பாவிக்கலாம்.

இது வீட்டு வேலையாக மாறியதற்கு ஒரு சின்னத் துளைதான் காரணம். 1866 இல் இரண்டு பேர் இரண்டு விதமான பிரைமருக்குக் காப்புரிமை எடுத்தார்கள். ஒருவர் அமெரிக்கரான ஹைரம் பெர்டன். மற்றவர் பிரித்தானிய இராணுவ அதிகாரி எட்வர்ட் பொக்சர். பெர்டனின் முறையில் பிரைமருக்கு மேலே கோதில் ஓரமாகச் சின்னத் துளைகள் இருக்கும். பழைய பிரைமரைக் கழட்டுவது கரைச்சல். பொக்சரின் முறையில் நடுவில் ஒரே துளை. மேலிருந்து ஒரு ஊசியை விட்டுத் தள்ளினால் பிரைமர் கழன்று விழும். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் நிலைத்தது, ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அதனால்தான் அமெரிக்காவில் பித்தளைக் கோது பொதுவாகத் திரும்பப் பாவிக்கக்கூடிய பொருளானது. எங்கட காந்தத்தில் ஒட்டின இரும்புக் கோதுகள் அநேகமாக மற்ற வகை. அவை ஒருதரம் சுட்டு எறியவென்றே செய்யப்பட்டவை.

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டைக்காரர் தோலுக்காகக் கூட்டங்கூட்டமாகச் சுட்டார்கள். புது ரவை வாங்கிக் கட்டாது. ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கி, இரவில் நெருப்புக் கரையிலிருந்து பகல் சுட்ட கோதுகளை நிரப்பினார்கள். சிக்கனமான, கைத்திறமான வேலைதான். அந்தச் சிக்கனம் எதற்கு உதவியது எண்டதையும் சேர்த்துச் சொல்லவேணும். கோடிக்கணக்கில் திரிந்த மிருகம் 1880களின் முடிவில் ஏறத்தாழ ஆயிரமாகச் சுருங்கியது. அதை நம்பி வாழ்ந்த பூர்வீக மக்களின் சாப்பாடும் அதோடு போனது.

அதே மக்களும் கோது நிரப்பினார்கள். சுட்ட கோதுகளைப் பொறுக்கி, கிடைத்த மருந்தையும் ஈயத்தையும் வைத்துத் திரும்பப் பாவித்தார்கள். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, சையேன் வீரர்கள் கஸ்டரின் படைப்பிரிவை அழித்தார்கள். ஓகஸ்ட் மாதமே, பகை கொண்ட பூர்வீக மக்களுக்கு உலோக ரவைகள் போய்ச்சேராமல் தடுக்கச் சொல்லி அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றியது. எட்டு வருசம் கழித்து, 1884 இல், நியூ ஹேவன் நகரில் ஜோன் பார்லோ என்பவர் ஐடியல் எண்ட பெயரில் கம்பனி தொடங்கினார். குறடு மாதிரிக் கையில் பிடித்து ரவை நிரப்பும் கருவி அங்கேயிருந்து நாடு முழுக்கப் போனது. ஒரு கையில் அது வீட்டுச் சாமான், இன்னொரு கையில் அது குற்றம்.

இருபதாம் நூற்றாண்டில் கருவி மேசைக்கு ஏறியது. இதைத் தள்ளினது பெரும்பாலும் தட்டுப்பாடுதான். இரண்டாம் உலகப் போரில் வேட்டைக்காரருக்குச் சன்னம் கிடைக்கவில்லை. 1943 இல் கலிபோர்னியாவின் ஒரோவில் ஊரில் பிரெட் ஹன்டிங்டன், சுட்டு எறிந்த சின்னக் கோதுகளைச் சன்னத்தின் மேலுறையாக மாற்றும் அச்சு செய்தார். ஆர்சிபிஎஸ் கம்பனி அப்படித்தான் தொடங்கியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடினதையும், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டதையும் சொல்லிச் சொல்லி வளர்த்த வீடுகள் எங்களுடையவை. இல்லாத இடத்தில் கை எப்படி வேலை செய்யும் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

சாதாரண பிரஸ் ஒரு இழுவைக்கு ஒரு வேலைதான் செய்யும். நூறு ரவைக்கு நூறு கோதையும் ஒவ்வொரு படிக்கும் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கவேணும். புரோகிரசிவ் பிரஸ் வேற மாதிரி. வட்டத் தட்டொன்றில் பல கோதுகள் நிற்கும். பிடியை ஒருமுறை இழுத்தால் ஒன்றுக்குப் பழைய பிரைமர் கழரும், இன்னொன்றுக்கு மருந்து விழும், அடுத்ததில் சன்னம் இறங்கும், கடைசியில் வாய் இறுகும். தட்டுச் சுழன்றதும் எல்லாம் ஒரு படி முன்னுக்கு நகரும். ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு முழு ரவை. சான் டியாகோவில் ஸ்டார் கம்பனி 1930களிலேயே இதைச் செய்தது. பொலிஸ் திணைக்களங்களும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரரும் அதை வாங்கினார்கள். பிறகு விமானியாக வேலை செய்த மைக் டில்லன் ஸ்டார் மெசினைப் பெரிய துவக்கு ரவைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றத் தொடங்கினார். அதிலிருந்து அரிசோனாவில் டில்லன் கம்பனி வளர்ந்தது. 1980களில் அதன் நீல நிற மெசின்கள் சாதாரண வீடுகளுக்குள் வந்தன.

பழைய மெசினுக்கு மவுசு வந்ததும் இங்கேதான். வீட்டுப் பாவனைக்கான டில்லன் மெசின்களுக்கு ஆயுட்கால உத்தரவாதம் உண்டு. ஆரிட்ட இருந்து எத்தனையாவது ஆளாக வாங்கினாலும் அது செல்லும். தொழிற்சாலைப் பாவனைக்குச் செய்த பெரிய ரகத்துக்கு மட்டும் அப்படியில்லை. ஆகவே வாங்குகிற ஆள் முதலில் பார்ப்பது ரகம். அடுத்தது, எந்த அளவு ரவைக்கு உரிய தட்டும் அச்சுகளும் கூட வருகின்றன எண்டது. மெசின் மலிவாக வரும், பாகங்கள் விலையை ஏத்திவிடும். மூன்றாவது துரு. மெதுவாகப் பிடியை இழுத்து, தண்டு ஆடுதா, தட்டுச் சரியான இடத்தில் நிற்குதா எண்டு பார்ப்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபிறகு வேலை துப்புரவாக்குவதில் தொடங்கும். செத்த பிரைமர்களின் கரி எண்ணெயோடு சேர்ந்து உரத்தாள் மாதிரி அராவும். மேசை ஆடினால் மெசின் எவ்வளவு நல்லதெண்டாலும் பிரயோசனமில்லை. தட்டை இறுக்கும் ஆணிதான் பெரிய விளையாட்டு: கூட இறுக்கினால் தட்டுச் சுழலாது, குறைய இறுக்கினால் கோது சரிந்து மருந்து சிந்தும். மருந்து போடும் பகுதியைத் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தே நம்புவார்கள். ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேணும் எண்டது எழுதாத சட்டம். இதில் பகிடி இல்லை. மருந்து விழாத ரவையின் சன்னம் குழலுக்குள்ளேயே நிண்டுவிடும், அடுத்த வெடி துவக்கையே பிளக்கும். இரண்டுதரம் மருந்து விழுந்தாலும் அதே கதிதான்.

சொந்தப் பாவனைக்கு ரவை நிரப்ப அங்கே மத்திய அரசின் லைசன்ஸ் தேவையில்லை. விற்கச் செய்தால்தான் தேவை. 2013 இலும் 2020 இலும் கடைகளில் ரவை முடிந்தபோது ஆட்கள் மெசின்களைத் தேடி ஓடினார்கள். ஆனால் பிரைமரை வீட்டில் செய்வது நடக்கிற காரியமில்லை. அது தொழிற்சாலையில் இருந்துதான் வரவேணும், அதுவும் கடைகளில் முடிந்தது. தன் கையே தனக்குதவி எண்ட நம்பிக்கை ஒரு சின்ன உலோக மூடியில் முட்டுப்பட்டு நிண்டது.

அந்த மூடிக்கு இன்னொரு கதையும் இருக்கு. 1983 இல் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் புல் எரிந்து நிலம் வெறுமையானது. 1984 இல் தொல்லியலாளர் அங்கே தோண்டினார்கள். நூறு வருசத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த கோதுகள் வந்தன. துவக்கின் ஊசி குத்தின தழும்பு துவக்குக்குத் துவக்கு வேறுபடும். அந்தத் தழும்புகளை ஒப்பிட்டு, எந்தத் துவக்கு எங்கேயிருந்து எங்கே நகர்ந்தது எண்டு வரைந்தார்கள். தப்பி வந்து சொல்ல கஸ்டரின் ஆட்கள் ஒருவரும் இல்லை. லகோட்டா, சையேன் மக்கள் சொன்னதைக் கனகாலம் ஒருவரும் பெரிதாக எடுக்கவுமில்லை. கோதுகள் பல இடங்களில் அவர்கள் சொன்னதையே சொல்லின.

புரோகிரசிவ் பிரஸ்ஸின் முதல் வேலை பழைய பிரைமரைக் கழட்டுவது. அந்தத் தழும்போடு அது கீழே டப்பாவில் விழும். கராஜில் இருக்கும் ஆளுக்கு அதில் இழப்பு ஒன்றுமில்லை. அவர் சுட்டது கடதாசியை. எங்கட ஜாம் போத்தலுக்குள் இருந்த கோதுகளிலும் ஊசித் தழும்பு இருந்தது. எந்த வளவில், எந்த மாசத்தில் பொறுக்கினது எண்டு அப்ப எங்களுக்குத் தெரியும். எங்கே கொட்டினீங்கள் எண்டு இப்ப கேட்டால், வீட்டில ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.