ஏர்கோன் கேஸ்: தீர்கிறதா? கசிகிறதா?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நண்பகல் வெயிலில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு சுகம் நன்றாகத் தெரியும். சேலைக்கடையின் கண்ணாடிக் கதவு திறக்கும்போது உள்ளிருந்து குளிர்காற்று அஞ்சடிக்கு வந்து முகத்தில் படும். அதே கடையின் பின்சந்துக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே சுவரில் வரிசையாக மாட்டிய விசிறிப் பெட்டிகள் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வந்து வெளியே கொட்டுவதைத்தான் நாம் குளிர்சாதனம் என்கிறோம். வெப்பத்தைச் சுமந்து வரும் கூலியாள், செப்புக் குழாய்க்குள் ஓடும் 'கேஸ்'.

இந்தச் சாலைக்குப் பெயர் தந்த பள்ளிவாசலை 1863-ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பினர். அக்காலத்தில் குளிர் என்பது கப்பலில் வந்த சரக்கு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அனுப்பினார். சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-இல் அந்தப் பனிக்கட்டிக்காகக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான். சிங்கப்பூரிலும் 1854-இல் வாம்போவா என்ற வணிகர் ஐஸ் கிடங்கு வைத்தார்.

பிறகு இயந்திரங்கள் வந்தன. 1902-இல் நியூயார்க் அச்சகம் ஒன்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் வடிவமைத்த கருவியிலிருந்து இன்றைய ஏர்கோன் வரலாறு தொடங்குகிறது. ஆனால் அன்றைய வாயுக்களான அமோனியாவும் சல்பர் டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் கசிந்தால் ஆளைக் கொல்லக்கூடியவை. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் நச்சில்லாத, தீப்பற்றாத ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார்கள். 1930-இல் வேதியியலாளர்கள் கூடிய சபையில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். 'ஃபிரியான்' என்று உலகம் அழைத்தது அந்தக் குளோரோபுளோரோகார்பன் வாயுவைத்தான். கசிந்தாலும் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. பாதிச் சிக்கலும் அன்றே பிறந்தது எனலாம்.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர்களில் ஒருவர் தமிழர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. வீரபத்ரன் ராமநாதன் தமிழ்வழியில் படித்து வந்தவர். 11 வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்ததால் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து திண்டாடினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தார். முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில். பெட்டிகளிலிருந்து கேஸ் ஏன் கசிகிறது, அதை எப்படித் தடுப்பது என்று பார்ப்பதே அவருடைய பணி. அதில் அவருக்கு அவ்வளவாக நாட்டமில்லை.

அமெரிக்கா சென்றவர், அதே வாயுவை வானத்தில் சந்தித்தார். 1974-இல் மோலினாவும் ரோலண்டும் இவ்வாயு ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினர். மறு ஆண்டு ராமநாதன் இன்னொன்றைக் கண்டறிந்தார். பூமியைச் சூடாக்குவதில் இதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளுக்குச் சமம். தொழிற்சாலையில் அவர் துரத்திய கசிவு எவ்வளவு பெரிய கசிவு!

1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை தெரியவந்தது. 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மலேசியா 1989-இல் அதில் இணைந்தது. வளரும் நாடுகளில் 2010-உடன் பழைய வாயுக்கள் நின்றன. அவற்றைவிடத் தீங்கு குறைந்த ஆர்-22 படிப்படியாக விடைபெற்று வருகிறது. ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவை இடம் பிடித்துள்ளன. இவை ஓசோனைத் தொடுவதில்லை என்றாலும் பூமியைச் சூடாக்கும்.

சரி, மஸ்ஜித் இந்தியா கடைக்காரருக்கு இதில் என்ன?

"கேஸ் தீர்ந்துபோச்சு, டாப்-அப் பண்ணணும்" என்பது கடைகளில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. கேஸ் என்ன பெட்ரோலா, எரிந்து தீர? மூடிய குழாய்க்குள் அது உள்ளே ஆவியாகும், கம்ப்ரெசர் அழுத்த வெளியே மீண்டும் திரவமாகும். பல ஆண்டுகள் ஓடினாலும் அளவு குறையாது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இணைப்பு நட்டு தளர்ந்திருக்கலாம், அதிர்வில் குழாய் விரிசல் விட்டிருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புகிறவர், ஒரே ஓட்டைக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்டுகிறார்.

முறையாகச் செய்பவர் முதலில் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வரும் இடத்தைப் பிடிப்பார். அடைத்த பின் வேக்குவம் பம்ப் வைத்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். அவசரக்காரர்கள் தவிர்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரெசரைத் தின்றுவிடும். அதன் பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, இயந்திரத் தகட்டில் எழுதியுள்ள எடையளவு கேஸ் ஏற்றப்படும். ஆர்-410ஏ இரு வாயுக்களின் கலவை என்பதால் அதைத் திரவ நிலையில் ஏற்ற வேண்டும். அதன் அழுத்தம் ஆர்-22-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய மீட்டரும் குழாயும் தாங்காது.

பெரிய ஹோட்டல்களிலும் பேரங்காடிகளிலும் கேஸ் இயந்திர அறையோடு நின்றுவிடும். மாடிகளுக்குப் போவது குளிர்ந்த தண்ணீர். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கும் தனி ஆலையிலிருந்தே குளிர்நீர் வருகிறது.

பழைய கேஸை என்ன செய்வது? வால்வைத் திறந்தால் பின்சந்தில் 'புஸ்' என்று சில நிமிடங்களில் போய்விடும். இயந்திரம் வைத்து சிலிண்டரில் மீட்க அதிக நேரம் பிடிக்கும். இதற்கென மலேசியா 1999-இல் குளிர்பதன வாயு விதிமுறைகளைக் கொண்டுவந்தது, 2020-இல் அவற்றைப் புதுப்பித்தது. 3 கிலோ ஆர்-22 வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் அது ஐந்து டன்னுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்கு ஈடு. ஆர்-32-இன் தீங்கு அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் அது லேசாகத் தீப்பற்றும். ஆகவே ஏணியில் ஏறி நிற்பவர் வாயில் சிகரெட் இருந்தால், கடைக்காரர் கீழே இறங்கச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.