சூலம் பிடிச்ச ஆத்தாவும் ஒரு டாலர் வெள்ளியும்

சாமி மேல வச்ச குங்குமத்தைத் துடைக்கணும்னு சொன்னா எந்த அத்தையாவது சும்மா விடுவாங்களா? நாகப்பட்டினத்துல இருக்கிற என் பெரியத்தை விடல. "டேய், அது சூலம் பிடிச்ச ஆத்தாடா, கைய எடு" ன்னு ஒரு அதட்டல்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அத்தையோட தாத்தா அந்தக் காலத்துல கப்பலேறி பினாங்கு போய் சம்பாதிச்சவர். எந்த வருஷம் போனாருன்னு குடும்பத்துல யாருக்கும் தெரியாது. அவர் கொண்டு வந்ததுல மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு பெரிய வெள்ளிக் காசு. அதுல ஒரு பொம்பளை கையில திரிசூலத்தோட நிக்கிறா. சூலம் இருந்தா மாரியாத்தாதானே? அப்படியே பூஜை அலமாரிக்குப் போயிடுச்சு. நாலு தலைமுறைக் குங்குமம்.

போன மாசம் பேத்திக்குக் கொலுசு செய்யலாம்னு அதை எடுத்துக்கிட்டு ஒரு கடைக்குப் போயிருக்காங்க. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அங்கங்க வெட்டு விழுந்திருக்கும்மா, சீனாக்காரன் போலின்னு குத்தித் தள்ளின காசு இது" ன்னுட்டார். விலை போகலைங்கிறதுல அத்தைக்கு வருத்தம் இல்ல. "தாத்தாவை எவனோ ஏமாத்தி இருக்கான்டா, அது தெரியாமலே செத்துப் போயிட்டாரு" ங்கிறதுதான் வருத்தம். போன்ல சொல்லும்போதே குரல் கம்மிப் போச்சு.

எனக்குப் பழங்காசுப் பைத்தியம் உண்டுன்னு இங்க வந்து போறவங்களுக்குத் தெரியும். அடுத்த வண்டியைப் பிடிச்சு நாகப்பட்டினம் போனேன்.

மாரியாத்தாவோட நிஜப் பேரு பிரிட்டானியா. காசோட பேரு பிரிட்டிஷ் வணிக டாலர். 1895-லிருந்து 1935 வரைக்கும் விட்டு விட்டு அடிச்சது. இங்கிலாந்துக்காரன் காசுன்னாலும் இங்கிலாந்துல ஒரு டீ கூட இதை வச்சு வாங்க முடியாது. ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு, சீனத் துறைமுகங்கள், இந்தப் பக்கத்து வியாபாரத்துக்குன்னே செஞ்சது. அந்தப் பக்கத்துல அதுவரைக்கும் மெக்சிகோக்காரனோட கழுகு போட்ட வெள்ளி டாலர்தான் ராஜா. பிரிட்டிஷ்காரங்க 1866-ல ஹாங்காங்லயே ஒரு நாணயச்சாலை தொறந்து விக்டோரியா தலை போட்ட டாலர் அடிச்சுப் பாத்தாங்க. சீன வியாபாரிங்க சீந்தல. ரெண்டே வருஷத்துல இழுத்து மூடி, இயந்திரங்களை வித்துட்டாங்க. அது ஜப்பானுக்குப் போய் ஒசாகா நாணயச்சாலைக்கு ஆச்சு. ராணி தலையை வச்சு வியாபாரம் நடக்காதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. சீனாக்காரனுக்கு வேண்டியது எடையும் வெள்ளியும்.

1893-ல இந்தியாவுல, யார் வெள்ளி கொண்டு வந்தாலும் ரூபாயா அடிச்சுத் தர்ற வழக்கத்தை நிறுத்தினாங்க. பம்பாய் நாணயச்சாலைக்குக் கை ஓய்ஞ்சது. இந்தப் பக்கம் மெக்சிகோ டாலருக்குத் தட்டுப்பாடு. 1895-ல புது டாலர் அங்கயே பொறந்துடுச்சு. ஒரு பக்கம் பிரிட்டானியா, பின்னால பாய் விரிச்ச கப்பல். மறுபக்கம் நடுவுல நீண்ட ஆயுளுக்கான சீன எழுத்து, கூடவே சீனத்துலயும், அரபி எழுத்துல எழுதின மலாயிலும் 'ஒரு டாலர்'. இந்தத் தடவை ராணியும் இல்ல, ராஜாவும் இல்ல. சீனாவுல இதை 'நிக்கிற ஆளு' காசுன்னே கூப்பிட்டாங்க.

சரி, அசலா போலியா? பத்திரமா ஒரு காகிதத்துல குங்குமத்தை உதிர்த்து எடுத்துட்டு (பாதி தான் விட்டாங்க), வெறும் தண்ணில அலசினேன். தயவு செஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க மக்கா. நூறு வருஷ நிறம் போயிட்டா எந்த சேகரிப்பாளரும் திரும்பிப் பாக்க மாட்டான். சூலத்தோட நடுப்பல்லுல லென்ஸ் வச்சுப் பாத்தா எள்ளுல பாதி அளவு ஒரு 'பி'. பம்பாய். கல்கத்தாவுல அடிச்சிருந்தா காலுக்கும் கேடயத்துக்கும் நடுவுல தரையில ஒரு 'சி' இருக்கும். லண்டன்ல அடிச்ச 1925, 1930 காசுகள்ல எழுத்தே கிடையாது. எழுத்து தெரியலைன்னு உடனே போலின்னு முடிவு கட்டக் கூடாது, தேய்ஞ்சும் இருக்கலாம். ஆண்டு 1899.

அடுத்தது எடை. கணக்குப்படி 26.95 கிராம், நூத்துக்குத் தொண்ணூறு வெள்ளி. அத்தை காசு 26.71. தேய்மானம், நியாயம்தான். எடையை மட்டும் நம்பினா மோசம், பித்தளையைத் தடிமனா வார்த்தும் எடையைக் கொண்டு வந்துடலாம். அதனால தண்ணிப் பரிசோதனை. சின்ன மின் தராசுல ஒரு டம்ளர் தண்ணியை வச்சு, எண்ணை சைபர் ஆக்கிட்டு, காசை நூல்ல கட்டி அடியிலயும் பக்கத்துலயும் படாம முக்கணும். தராசு காட்டுறது காசு ஒதுக்குற தண்ணியோட எடை. 2.59 காட்டுச்சு. 26.71-ஐ இதால வகுத்தா 10.3. தொண்ணூறு சத வெள்ளிக்கு அதுதான் வரணும். அத்தை என்னமோ நான் சாமிக்கு அபிஷேகம் பண்றதா நினைச்சு பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாங்க.

இப்ப அந்த வெட்டு விஷயம். வெட்டு இல்ல, முத்திரை. பொடிப் பொடியா நாலு சீன எழுத்து. அந்தக் காலத்துல ஒவ்வொரு வியாபாரியும் வெள்ளியைத் தட்டிப் பாத்து, சத்தம் கேட்டு, எடை போட்டு, நல்ல காசுன்னு உறுதியானா தன் கடை முத்திரையைக் குத்துவான். நாலு முத்திரைன்னா நாலு பேர் பரிசோதிச்சு 'பாஸ்' போட்டிருக்காங்கன்னு அர்த்தம்! இந்த நோட்டம் பாக்குற ஆளுக்கு 'ஷ்ராஃப்'னு பேரு, நம்ம ஊர் சராப்புதான். அரபியில பொறந்து இந்தியா வழியா சீனா போன சொல். ஹாங்காங்ல வண்டி நிறுத்துற இடத்துல பணம் கட்டுற ஜன்னலுக்கு இன்னும் அந்தப் பேரு ஒட்டிக்கிட்டு இருக்கு.

கடைக்காரர் சொன்னதுக்கு நேர் எதிர், இல்லையா? ஆனா முத்திரை இருக்கிறதாலயே அசல்னும் நம்பிடக் கூடாது. நிஜமாவே குத்தின முத்திரைன்னா குழியோட ஓரம் மேலெழும்பி இருக்கும், நேர் பின்பக்கம் கொஞ்சம் நசுங்கி இருக்கும். குழிக்குள்ளயும் அதே வெள்ளி நிறம், செம்பு எட்டிப் பாக்காது. அத்தை காசுல எல்லாமே சரியா இருந்துச்சு. முத்திரை குத்தின காசை அச்செடுத்து வார்த்த போலியில முத்திரையும் சேர்ந்து மழுங்கி இருக்கும், பின்பக்கம் ஒண்ணும் ஆகியிருக்காது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஹி ஹி. மூணு வருஷம் முன்னால ஒரு சந்தையில 1902 போட்ட ஒண்ணை ஆசையா வாங்கினேன். நோட்டம் பாக்கத் தெரியாம வாங்கினது. 22.8 கிராம். தண்ணில முக்கினா 2.7, வகுத்தா எட்டரைக்கும் கீழ. பித்தளைக்கு வெள்ளி முலாம். மறுபடி அதே சந்தைக்குப் போனப்போ தட்டுல இன்னும் மூணு இருந்துச்சு. மூணுலயும் என் காசுல இருந்த அதே முத்திரை, அதே கப்பலுக்குப் பக்கத்துல.

இன்னொண்ணு. 1903-ல பினாங்கு, சிங்கப்பூர் பக்கத்துக்குன்னு தனி டாலர் வந்துச்சு. அதுவும் பம்பாய்ல அடிச்சதுதான். பழைய வணிக டாலர்களைத் திரும்ப வாங்கிக் கப்பல் கப்பலா பம்பாய்க்கே அனுப்பி உருக்கினாங்க. 1904-ல அங்க இந்தக் காசு செல்லாக் காசு. ஹாங்காங்ல மட்டும் 1937 வரைக்கும் செல்லுச்சு. அப்படின்னா தாத்தா பினாங்குல சம்பளமா வாங்கின காசுதான் இதுன்னா, அவர் அதுக்கு முன்னாலயே போயிருக்கணும். உறுதின்னு சொல்ல மாட்டேன், பின்னால எவர்கிட்டயாவது வாங்கியும் இருக்கலாம். ஆனாலும் வருஷமே தெரியாத மனுஷனுக்கு ஒரு வருஷம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

அத்தைக்கு இதுல பாதி புரிஞ்சுது. "அப்ப தாத்தா ஏமாறல?" ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. இல்ல அத்தை, நாலு பேர் தட்டிப் பாத்துக் கொடுத்த காசுன்னேன். காகிதத்துல இருந்த குங்குமத்தை எடுத்து ஆத்தா நெத்தியில மறுபடி வச்சாங்க. கொலுசுக்கு வேற வெள்ளி வாங்கிக்கலாமாம்.

காபி கொடுத்துட்டு, "நீ வாங்கின போலிக்கு எவ்வளவுடா கொடுத்த?" ன்னாங்க. கொடுத்ததுல பாதியைச் சொன்னேன். அதுக்கே தலையில அடிச்சுக்கிட்டாங்க :-)