காஞ்சித் தறியின் அட்டையும் கைப்பேசியின் எல்லையும்

நம் குடும்பத் திருமணங்களில் மணப்பெண்ணுக்கென்று எடுக்கப்படும் பட்டு பெரும்பாலும் காஞ்சிபுரத்துப் பட்டாகவே இருக்கிறது. யாளியும் அன்னமும் வேண்டாம், மல்லிமொக்கோ மாங்காயோ வெறும் கட்டமோ போதும் என்று கேட்டு வாங்குவோர் நம்மில் பலர். அந்த மாங்காயைத் துணியில் ஏற்றுவது எது என்று கேட்டால், நெசவாளரின் கை என்றே விடை வரும். அது பாதி விடைதான். மீதிப் பாதி, தறியின் தலைக்கு மேலே தொங்கும் துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் கேள்வி கேட்டுப் பதில் பெறும் செயற்கை நுண்ணறிவின் முன்வரலாற்றில் அந்த அட்டைக்கு ஓர் இடம் உண்டு. அது குறித்துச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

காஞ்சிபுரத்தின் பழைய நெசவில் பூவேலைக்கு ‘அடை’ என்னும் நூற்கட்டு பயன்பட்டது. எந்த வரிசையில் எந்தப் பாவு இழைகள் மேலே எழ வேண்டும் என்பது அந்த நூற்கட்டில் அடங்கியிருக்கும்; அதை இழுத்துக் கொடுக்க நெசவாளருக்கு ஓர் உதவியாளர் தேவை. கோர்வைச் சேலையானால் கரைக்கு வேறு நிறம், உடலுக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். அதற்கும் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். இப்படி இரண்டு பேரின் உழைப்பில் ஒரு சேலை உருவானது. பின்னர் ஜக்கார்டு பெட்டி வந்தது. அடையை இழுத்தவரின் வேலையை அட்டைகள் ஏற்றுக்கொண்டன.

இப்பெட்டிக்குப் பெயர் தந்தவர் பிரான்சின் லியோன் நகரத்தவரான ஜோசப் மாரி ஜக்கார்டு. பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் ஆகியோர் 18ஆம் நூற்றாண்டில் செய்துவைத்த முயற்சிகளை ஒன்றிணைத்து, 1804ஆம் ஆண்டளவில் அவர் தம் பொறியை நிறைவாக்கினார். அது இயங்கும் முறை எளிது. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே செல்லும், கொக்கி எழும், இழை தூக்கப்படும். துளை இல்லாவிட்டால் இழை கீழேயே கிடக்கும். ஓர் அட்டை, ஊடையின் ஒரு வரிசை. 1839இல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள்; அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் பட்டுப்படம் ஒன்றை இங்கிலாந்தின் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம்மிடம் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்கும் அவர் துளையட்டைகளையே தேர்ந்தார். அப்பொறியைப் பற்றி ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதிய குறிப்புகளில், தறி பூக்களை நெய்வதுபோல் இப்பொறி கணிதத்தை நெய்யும் என்ற ஒப்புமை இடம்பெற்றது. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹோலரித் துளையட்டைகளால் எண்ணினார். அவருடைய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து, 1924இல் ஐபிஎம் என்று பெயர் பெற்றது.

இந்த வரலாற்றை ஐரோப்பாவிலேயே தொடங்குவது வழக்கம். நாம் இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்லலாம். 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் தானே இசைக்கும் கருவி ஒன்றை விவரித்து எழுதினார்கள். 1206இல் அல்ஜஸரீ தம் பொறியியல் நூலை நிறைவு செய்தார். ‘அல்காரிதம்’ என்ற சொல்லோ, அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே பிறந்தது. அவருடைய இயற்கணித நூலில் கணிசமான பகுதி மரணசாசனம், வாரிசுரிமை ஆகியவற்றின் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மனைவிக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, கடன் போக மீதி எவ்வளவு என்பதைப் பிழையின்றிப் பங்கிட வேண்டிய மார்க்கக் கடமை, அந்நூலின் பெரும்பகுதிக்குப் பொருளாக அமைந்தது. (நம் மதரஸாக்களில் ஃபராயிழ் பாடத்தைக் கண்டு அஞ்சும் மாணவர்களுக்கு இது ஓர் ஆறுதலாகட்டும்!)

இனிக் காஞ்சிபுரத்துக்குத் திரும்புவோம். பட்டுக்குப் பெயர்போன இதே மாவட்டம் இப்போது கைப்பேசிக்கும் பெயர்பெற்றுவிட்டது. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் நிறுத்தியது. சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஃபாக்ஸ்கான் ஆலையில் இன்று ஐபோன்கள் உருவாகின்றன. அட்டை தொங்கும் தறியும், அந்த அட்டையின் தொலைதூர வழித்தோன்றலான கைப்பேசியும் ஒரே மாவட்டத்தில், ஒரே நெடுஞ்சாலையின் அருகருகே உருவாகின்றன. உலகில் இப்படி அமைந்த ஊர்கள் அதிகம் இரா.

ஆனால் வழித்தோன்றல் மூதாதையைப் போலவே நடந்துகொள்வதில்லை. ஜக்கார்டு அட்டையும் அல்குவாரிஸ்மியின் கணக்கும் ஒரே இயல்பு கொண்டவை: எத்தனை முறை இயக்கினாலும் அதே விடை. அட்டையில் ஒரு துளை தவறினால், அட்டைத்தொடர் சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே பிழை தோன்றும். நெசவாளர் அதைக் கண்டு, எந்த அட்டை என்று தேடித் திருத்திவிடலாம். கைப்பேசியில் இப்போது வந்திருக்கும் மொழி நுண்ணறிவு அத்தகையதன்று. மிகப்பெரும் எழுத்துக் குவியலைப் பயின்று, இச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்ற வாய்ப்பைக் கணித்துச் சொற்களை அடுக்குவது அதன் முறை. எனவே அதன் பிழைக்கு நிலையான இடம் இல்லை. நேற்றுச் சரியாகச் சொன்னதை இன்று தவறாகச் சொல்லலாம். இரண்டையும் ஒரே சரளத்தோடு சொல்லும். அந்தச் சரளமே நம்மை மயக்குவது.

பயன் இல்லை என்று நாம் சொல்லவில்லை. கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூன் மாதம் தமிழ், உருது உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளோடு இந்தியாவுக்கு வந்தது. வளைகுடா நாட்டிலிருந்து வரும் அரபு மொழி வேலை ஒப்பந்தத்தைக் கேமராவில் காட்டினால் அதன் பொருளைத் தமிழில் சொல்லும். மருந்துச் சீட்டின் சிறு எழுத்தை முதியவருக்கு உரக்க வாசித்துக் காட்டும். மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் ஆங்கிலப் பிழைகளைத் திருத்தும். காஞ்சித் தறிக்கும் கணினி புதிதன்று. பூவேலை வடிவத்தைக் கணினியில் வரைந்து ஜக்கார்டுக்கு ஏற்றவாறு மாற்றித் தர ‘டிஜிபுனாய்’ என்ற மென்பொருளை இந்திய அரசின் நிறுவனமே உருவாக்கித் தந்திருக்கிறது. இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூலம் நம் கையில் இருக்கிறது. தவறினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூலம் கையில் இல்லாத இடத்தில் நடப்பது வேறு. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மேற்கோளாக அளித்தார்கள். வழக்கின் பெயர், நீதிமன்றத்தின் பெயர், ஆண்டு என எல்லாம் ஒழுங்காக இருந்தன. அத்தகைய வழக்குகள்தாம் இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். 2024 டிசம்பரில் ஆப்பிளின் செய்திச் சுருக்க வசதி, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தம்மையே சுட்டுக்கொண்டார் என்று, நடக்காத ஒன்றைப் பிபிசியின் பெயரில் கைப்பேசித் திரைகளில் காட்டியது. பிபிசி முறையிட்டது. 2025 ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கான அச்சுருக்க வசதியை ஆப்பிள் நிறுத்திவைத்தது.

இந்நிறுவனங்கள் தம் கருவிகளுக்கு எல்லையே வகுக்கவில்லையா என்றால், வகுத்திருக்கின்றன. வசைச்சொல், போதைப்பொருள், கொலை போன்றவை இடம்பெறும் பத்தியைத் திருத்தக் கொடுத்தால், இவ்வகை உள்ளடக்கத்துக்கு இக்கருவி ஏற்றதன்று என்று ஆப்பிளின் எழுத்துக் கருவி எச்சரித்ததைப் பயனர்கள் 2024இலேயே குறிப்பிட்டார்கள். பிள்ளைகள் கையில் உள்ள பொருளுக்கு வேலி வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. பெற்றோர் என்ற முறையில் அதை வரவேற்கவே செய்கிறோம். ஆனால் கொலை என்ற சொல்லே வராமல் உமர் (ரலி) அவர்களின் இறுதி நாளை எழுத முடியுமா? உஸ்மான் (ரலி) அவர்களின் ஷஹாதத்தை? கர்பலாவை? சொல்லைக் கண்டு தயங்கும் கருவி, ஒரு ஹதீஸின் நூற்பெயரையும் எண்ணையும் கேட்டால் தயங்காமல் எதையேனும் தந்துவிடக்கூடும். நம் பார்வையில் குறை அங்கேதான் இருக்கிறது. வேலி இருக்கிறது, பள்ளம் இருக்கும் பக்கத்தில் இல்லை.

எல்லை வகுப்பதில் நம் முன்னோர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. பட்டையே எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்குப் பட்டு தடை, பெண்களுக்கு ஆகுமானது என்பது நாம் அறிந்தது. ஆனால் இரண்டு, மூன்று அல்லது நான்கு விரல் அகலம் வரை அத்தடையிலிருந்து விலக்குப் பெற்றது என்பதை உமர் (ரலி) அவர்கள் ஜாபியாவில் ஆற்றிய உரையில் அறிவித்ததாக முஸ்லிம் நூலில் பதிவாகியிருக்கிறது. இதைக் கொண்டே சட்ட அறிஞர்கள் ஆடையின் கரையைப் பற்றி விவாதித்தார்கள். இங்கே எல்லைக்கு விரலால் அளக்கக்கூடிய அளவு இருக்கிறது. சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதும் இருக்கிறது.

அச்சுப்பொறி வந்தபோது நடந்தது இன்னும் பொருத்தமானது. 1530களில் வெனிஸ் நகரத்தில் பாகானினி என்ற அச்சகத்தார் அரபு எழுத்தில் குர்ஆனை அச்சிட்டார்கள். எழுத்துப் பிழைகள் மலிந்த பதிப்பு அது. அதன் படி ஒன்று 1980களில்தான் வெனிஸிலேயே மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 1727இல் இஸ்தான்புல்லில் இப்ராஹீம் முதஃபர்ரிகா அச்சகம் நிறுவ அனுமதி கேட்டபோது, ஷைகுல் இஸ்லாமின் ஃபத்வாவோடு சுல்தான் மூன்றாம் அஹ்மத் அனுமதி அளித்தார். அகராதி, வரலாறு, வானியல் போன்றவற்றை அச்சிடலாம்; குர்ஆன், தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ் கூடாது. பிழை பார்க்க அறிஞர்களும் நியமிக்கப்பட்டார்கள். 1729இல் வெளிவந்த அவரது முதல் நூல் ஓர் அரபு–துருக்கி அகராதி. இதை முஸ்லிம்களின் பிற்போக்கு என்று எழுதுவோர் உண்டு. அந்த எச்சரிக்கையால் மார்க்க நூல்கள் அச்சேறத் தாமதமாயிற்று என்பதை நாமும் மறுக்கவில்லை. அதன் இழப்பு சிறிதன்று. எனினும், பிழை பொறுக்க முடியாத இடம் எது என்று அவர்கள் முதலில் கேட்டார்கள், அங்கே கோடு கிழித்தார்கள், கோட்டைக் காவல் காக்க ஆட்களையும் நிறுத்தினார்கள். பின்னர் 1924இல் கெய்ரோவில், அறிஞர் குழு ஒன்று சரிபார்த்த குர்ஆன் பதிப்பு அச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

காஞ்சிபுரமும் இயந்திரத்துக்கு இட்ட எல்லையால் பயன்பெற்ற ஊர்தான். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், எந்தெந்தத் துணிவகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று வகுத்தது. விசைத்தறியாளர்கள் எதிர்த்தார்கள், 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. முதலில் 22 வகைகள் இருந்த பட்டியல் பின்னர் 11 ஆகச் சுருங்கியது. அதன் நடைமுறை குறித்து நெசவாளர்களுக்கு மனக்குறை உண்டு. ஆயினும் பட்டியல் அரசிதழில் இருக்கிறது. யாரும் படிக்கலாம், நீதிமன்றத்தில் கேட்கலாம். கைப்பேசியின் எல்லையை இந்த அளவுக்கு நாம் படிக்க முடிவதில்லை. அதை வகுத்தவர்கள் காஞ்சிபுரத்துக்கும் காயல்பட்டினத்துக்கும் தொலைவில் இருக்கிறார்கள். நம் வீட்டில் எது பிழை பொறாத இடம் என்பதை அவர்கள் அறிய வழியில்லை. நம் முன்னோரின் அரபுத்தமிழ் நூல்களில் பெரும்பகுதி இன்னும் கணினி படிக்கும் எழுத்தாக மாறவில்லை. படிக்காததை அந்த நுண்ணறிவு எப்படி அறியும்?

ஆகவே கோட்டை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடிதம், மொழிபெயர்ப்பு, பாடச் சந்தேகம், பட்டின் நிறச்சேர்க்கை ஆகியவற்றுக்குக் கைப்பேசி இருக்கட்டும். தலாக், பாகப்பிரிவினை, நோன்பின் பரிகாரம் ஆகியவற்றுக்கு ஆலிம் இருக்கிறார். பாகப்பிரிவினைக்கு வாரிசுகளின் பெயரையும் உறவுமுறையையும் கடனையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவரிடம் செல்வது நல்லது. கைப்பேசி தந்த பங்கீடும் இருந்தால் அதையும் காட்டலாம், அவர் சரிபார்ப்பார்.

ஹதீஸைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்லவேண்டும். இமாம் புகாரி (ரஹ்), இமாம் முஸ்லிம் (ரஹ்) ஆகியோர் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் செய்த வேலையின் சாரம், வாசகம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதன்று. யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவர் நினைவாற்றல் எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதிப்பது. மொழி நுண்ணறிவிடம் வாசகம் உண்டு, கண்ணி இல்லை. எனவே கைப்பேசி ஒரு ஹதீஸைத் தந்தால் நூல், பாடத் தலைப்பு, எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, அச்சிட்ட தமிழ்ப் பதிப்பில் தேடிப் பார்க்கவேண்டும். எண் மட்டும் போதாது. ஒரே நூலின் பதிப்புகளுக்கிடையே எண்வரிசை மாறுவதுண்டு. அந்த எண்ணில் வேறு ஹதீஸ் இருந்தால் பாடத் தலைப்பைக் கொண்டு தேடலாம். அதிலும் கிடைக்காவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதை அனுப்பாமல், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின் இமாமிடம் கேட்கலாம்.