எண்ணை நம்பிய காலம்

கல்லூரியிற் சேரும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கித் தருதல், முன்னாளில் மிதிவண்டி வாங்கித் தந்ததைப் போன்றதொரு குடும்ப நிகழ்ச்சியாகிவிட்டது. பல மாதங்கள் சேர்த்து வைத்த பணத்தோடு பெற்றோரும் பிள்ளையும் கடைக்குச் செல்கின்றனர். ஒவ்வொரு கருவியின் அருகிலும் ஒரு விவரச் சீட்டு இருக்கிறது. அதிலே ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் எண்கள், கிகாஹெர்ட்ஸ் கணக்குகள், பொருள் விளங்காத எழுத்துகள். எண் பெரிதாயின் பொருளும் சிறந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று கருதிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கருத்து எங்கிருந்து பிறந்தது? அது எவ்வளவு தூரம் உண்மை? இவ்வினாக்களுக்கு விடை கூற வல்லது வரலாறே ஆகும்.

கணினியின் உள்ளே கணக்கிடும் வேலை முழுவதையும் நடத்துவது செயலி என்னும் சிறு சில்லு. அது ஒரு தாளத்துக்கு இசைந்து இயங்குகிறது. நொடிக்கு ஒரு துடிப்பு என்பது ஒரு ஹெர்ட்ஸ். நொடிக்கு நூறு கோடித் துடிப்பு என்பது ஒரு கிகாஹெர்ட்ஸ். முதல் நுண்செயலியாக விற்பனைக்கு வந்தது 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்பது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் மேசைக் கணக்கிடு கருவிக்காக உருவான அச்சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களே இருந்தன. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் புகழ்பெற்ற தனியாள் கணினி வெளிவந்தபோது, அதன் செயலி நொடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்புகள் துடித்தது.

அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் துடிப்பு வளர்ந்துகொண்டே சென்றது. டிரான்சிஸ்டர்கள் சிறுக்கச் சிறுக்க, அவை விரைந்து இயங்கின. ஒவ்வொன்றும் உண்ணும் மின்சாரமும் குறைந்தது. ஆகவே புதிய செயலி பழையதைவிட மிக்க துடிப்புடையது, மிக்க துடிப்புடையது சிறந்தது என்னும் விதி மக்கள் மனத்திற் பதிந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஏ.எம்.டி. நிறுவனம் ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலியை அறிவித்தது. இரண்டே நாள் கழித்து இன்டெல் நிறுவனமும் அறிவித்தது. குதிரைப் பந்தயத்தைக் காண்பதுபோல் உலகம் அதனைக் கண்டது.

ஆனால் துடிப்பு வேறு, வேலை வேறு. ஏற்றம் இறைக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் நாழிகைக்கு நூறு முறை இறைக்கிறார். அவர் சால் சிறிது. மற்றவர் அறுபது முறையே இறைக்கிறார். அவர் சால் இருமடங்கு பெரிது. வயலுக்கு மிகுதியாகத் தண்ணீர் பாய்ச்சியவர் இரண்டாமவர் அன்றோ? ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால்தான் செயலியின் ஆற்றல் புலப்படும்.

இதனை உலகுக்கு உணர்த்தியது பெண்டியம் 4 என்னும் செயலியின் கதை. 2000 நவம்பரில் வெளிவந்த அச்செயலி, உயர்ந்த துடிப்பை எட்டும்பொருட்டே வகுக்கப்பட்டது. செங்கற்களைக் கைமாற்றும் ஆட்களின் வரிசையை நினைவிற் கொள்ளுங்கள். ஆட்களைக் கூட்டி இடைவெளியைக் குறைத்தால், ஒவ்வொரு கைமாற்றும் விரைவாகும். முந்திய பெண்டியம் 3இல் பத்துக் கட்டமாக இருந்த வரிசை, பெண்டியம் 4இல் இருபது கட்டமாயிற்று. 2004இல் வந்த அதன் பிற்பதிப்பில் 31 கட்டமாயிற்று. ஆனால் அடுத்து வரும் வேலை இன்னதென்று முன்கூட்டி ஊகித்தே செயலி வரிசையை நிரப்புகிறது. ஊகம் பிழைபட்டால் வரிசை முழுவதையும் வெறுமையாக்கித் தொடக்கத்திலிருந்து நிரப்பவேண்டும். வரிசை நீளமாக இருந்தால் இழப்பும் பெரிது. அதனால் துடிப்பு மிக்க புதிய செயலி, சில பணிகளில் துடிப்பு குறைந்த பழைய பெண்டியம் 3க்கும் பின்தங்கியது.

மற்றொரு பகையும் குறுக்கிட்டது, அதுதான் வெப்பம். டிரான்சிஸ்டர்கள் மிகமிகச் சிறுத்தபோது மின்சாரம் வீணே கசியத் தொடங்கியது. பெண்டியம் 4இன் உச்சப் பதிப்பு 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அதற்கு வகுக்கப்பட்ட வெப்ப அளவு 115 வாட். நான்கு கிகாஹெர்ட்ஸ் செயலி வருமென்று அறிவித்திருந்த இன்டெல் நிறுவனம், 2004 அக்டோபரில் அத்திட்டத்தைக் கைவிட்டது. அந்நாளில் அதன் தலைவராயிருந்த கிரேக் பாரெட், ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு வேடிக்கையாக மன்னிப்புக் கேட்டார். வேடிக்கையே ஆயினும், ஒரு காலம் முடிந்ததற்கு அதுவே அடையாளம்.

மாற்றுவழி முன்னரே பிறந்திருந்தது. அதுவும் மடிக்கணினிக்காகவே பிறந்தது என்பது நாம் கருதத்தக்கது. இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரிலிருந்த இன்டெல் பொறியாளர்கள், மின்கலத்தில் நெடுநேரம் இயங்கவல்ல பெண்டியம் எம் என்னும் செயலியை ஆக்கினர். 2003 மார்ச்சில் வெளிவந்த அதன் துடிப்பு 1.6 கிகாஹெர்ட்ஸே, வெப்ப அளவு ஏறத்தாழ 25 வாட். எனினும் அதனினும் மிகுந்த துடிப்புடைய செயலிகளோடு அது சமமாக நின்று வேலை செய்தது. அவ்வழியில் வளர்ந்த கோர் 2 டூயோ 2006இல் பெண்டியம் 4இன் இடத்தையே பிடித்துக்கொண்டது. ஒரே சில்லில் இரண்டு, நான்கு என உட்கருக்களைப் பெருக்கும் வழக்கமும் அக்காலத்தே நிலைபெற்றது.

மின்சாரச் சிக்கனத்தின் மற்றொரு மரபு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோன்றியது. ஏக்கார்ன் நிறுவனத்தைச் சேர்ந்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வகுத்த ஆர்ம் செயலி 1985இல் முதன்முதல் இயங்கியது. கைப்பேசிகளில் பரவிய அம்மரபு, 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் எம்1 செயலி வழியாக மடிக்கணினியிலும் வலுவாகக் காலூன்றியது. காற்றாடியே இல்லாத மடிக்கணினி ஒன்றும் அச்செயலியைக் கொண்டு அவ்வாண்டே வெளிவந்தது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? எண் ஒன்றை மட்டும் நம்பலாகாது என்பதே. இன்டெல் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஐ7-7500யு என்னும் செயலியில் இரண்டு உட்கருக்கள். அடிப்படைத் துடிப்பு 2.7 கிகாஹெர்ட்ஸ். மறு ஆண்டு வந்த ஐ5-8250யு என்பதில் நான்கு உட்கருக்கள். அடிப்படைத் துடிப்போ 1.6 கிகாஹெர்ட்ஸ். சீட்டைப் பார்ப்போர் ஏழையே தேர்ந்திருப்பர். பல வேலைகளைப் பகிர்ந்து ஒருங்கே செய்வதில் முந்தியதோ ஐந்துதான்! ஏழு என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் அமைந்த வரிசையேயன்றி, எக்காலத்துக்கும் பொருந்தும் அளவன்று.

ஆகவே வாங்கச் செல்லும் மாணவர்கள் நான்கு வினாக்களைக் கேட்டல் நலம். செயலி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது? உட்கருக்கள் எத்தனை? பெயரின் ஈற்றெழுத்து யாது? இன்டெல் பெயர்களில் யு என்பது மின்சாரத்தை அளந்து செலவிடுவதையும், எச் என்பது மிக்க ஆற்றலையும் குறிக்கும். முன்னது மின்கலத்தைக் காக்கும், பின்னது வெப்பத்தைப் பெருக்கும். நான்காவது, நம் கல்லூரியிற் பயன்படுத்தும் மென்பொருள் அச்செயலியில் இயங்குமா? ஆர்ம் மரபுக்கும் இன்டெல் மரபுக்கும் கட்டளை மொழி வேறு. ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றில் நேராக இயங்காது. மொழிபெயர்ப்பு வசதி இருப்பினும் எல்லா மென்பொருளுக்கும் அது கைகொடுக்குமென்று சொல்ல இயலாது.

கட்டுரை எழுதுதற்கும் பாடம் படித்தற்கும் நடுத்தரச் செயலியே போதும். மிச்சமாகும் பணத்தை நினைவகத்துக்குச் செலவிடலாம். பொறியியல் வரைபடமும் திரைப்படத் தொகுப்பும் பயில்வோர்க்கு வலிய செயலி வேண்டும். தேவையை முதலில் அளந்து, பிறகு பொருளை அளப்பவரே பெற்றோரின் உழைப்பைப் போற்றுபவர் ஆவார். பெரிய எண்ணைத் துரத்திய ஒரு பெருநிறுவனமே திரும்பி நடந்து வழி கண்டது. அப்பாடத்தை நாம் விலை கொடுத்துக் கற்கவேண்டியதில்லை.