மண்ணிலிருந்து மரபுக்கு: இந்தியக் குடியுரிமை கடந்து வந்த பாதை

1987 ஜூன் 30 அன்று மண்டபம் அகதிகள் முகாமில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தை, சட்டப்படி இந்தியக் குடியுரிமை உடையது. மறுநாள் அதே முகாமில் அதே நிலையிலுள்ள பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை. ஒரே இரவில் விழுந்த இக்கோட்டுக்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கால வரலாறு உண்டு.

1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் குடியுரிமை விவாதத்துக்கு வந்தபோது, பிறப்பு ஒன்றையே தகுதியாகக் கொள்வதற்குத் தயக்கம் எழுந்தது. வல்லபபாய் படேல் அதனை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தியருக்கு அந்நாட்டின் குடியுரிமையைக் கோரும் நாம், இங்கே குறுகிய பார்வை கொள்ளலாகாது என வாதிட்டார். 1949 ஆகஸ்டில், பிரிவினையின் காயம் ஆறாத சூழலில், பஞ்சாப்ராவ் தேஷ்முக் இத்தகைய குடியுரிமை மிக மலிவானது எனச் சாடினார்; வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் தனி உரிமை கோரினார். சபை அதனை ஏற்கவில்லை. எனினும் அரசியலமைப்பின் 11-ஆம் உறுப்பு, எதிர்கால விதிகளை வகுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் விட்டுவைத்தது.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் படேலின் வழியையே பின்பற்றியது. 1950 ஜனவரி 26 முதல் இம்மண்ணில் பிறந்த எவரும் குடிமக்களே; அயல்நாட்டுத் தூதரின் பிள்ளைகள் போன்ற சிலரே விதிவிலக்கு. அசாம் ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டு, 1986-இல், இவ்விதி திருத்தப்பட்டது. 1987 ஜூலை 1 முதல் பிறப்போருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. வங்கதேசத்திலிருந்து வருவோரோடு இலங்கையிலிருந்து வருவோரும் அத்திருத்தத்துக்குக் காரணமாகச் சுட்டப்பட்டனர். 2003-இன் திருத்தம் மேலும் இறுக்கியது: 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் குடியுரிமை உடையவராயினும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தல் கூடாது.

விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியும் இதே காலத்தில் நீண்டது. தேவையான வசிப்புக் காலம் ஐந்தாண்டிலிருந்து பத்தாகவும், பின்னர் பன்னிரண்டாகவும் உயர்ந்தது. எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்பது மற்றொரு தகுதி. தமிழும் அவற்றுள் ஒன்று. ஆனால் உரிய ஆவணமின்றி வந்தோருக்கு 2003-க்குப் பின் இவ்வழி அடைபட்டது. 2019-இல் மூன்று அண்டை நாடுகளின் ஆறு சமயத்தாருக்கு அது மீண்டும் திறக்கப்பட்டபோது, இலங்கை அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

1955-இல் சட்டம் கேட்ட கேள்வி 'எங்கே பிறந்தாய்?' என்பது. இன்று அது கேட்பது 'யாருக்குப் பிறந்தாய்?' என்பது. முதற்கேள்விக்கு ஒரு பிறப்புச் சான்று விடையாகும்; இரண்டாவதற்குப் பெற்றோரின் வரலாறே சான்றாக வேண்டும். 1987-க்குப் பின் முகாம்களில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயின்றவர்கள் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர். இருவருமே குடியுரிமை அற்றவராயின், அவர்களின் பிள்ளைகளுக்கும் அந்த இன்மையே மரபுரிமையாகச் சேர்கிறது.