ராஜாவின் சின்ன வண்டி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குப் பதினாலாம் லூயியை மறக்க முடியாது. வெர்சாய் அரண்மனை, யுத்தங்கள் என்று பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தோம். பிரான்சுவா மர்த்தேன் நம் ஊரில் வந்து இறங்கிய 1674-இல் பிரான்சை ஆண்டவர் அவர்தான். ஆனால் அவர் வேட்டையாடிய விதத்தை ஓய்வு பெற்ற பிறகு, சேன்-சிமோன் பிரபுவின் நினைவுக் குறிப்புகளில்தான் படித்தேன்.

1683 ஜூலையில் ராணி காலமானார். செப்டம்பரில் ஃபோந்தென்புளோ காட்டில் மான் வேட்டையின்போது ராஜா குதிரையிலிருந்து விழுந்தார். கையில் பலத்த அடி. பிற்பாடு கீல்வாதமும் சேர்ந்துகொண்டது. வேட்டையை விட்டாரா? இல்லை. நான்கு சிறிய குதிரைகள் பூட்டிய இலேசான வண்டி ஒன்றில் தனியாக ஏறி, தாமே ஓட்டிக்கொண்டு மானைத் துரத்தினார். வழியில் ஐந்தாறு இடங்களில் மாற்றுக் குதிரைகள் காத்திருக்கும். தேர்ந்த வண்டிக்காரர்களுக்கும் அந்தக் கைத்திறமை வராது என்கிறார் சேன்-சிமோன்.

இங்கிலாந்து ராணி ஆனும் இதே ரகம். 1702-இல் முடிசூட்டு விழாவுக்கே நாற்காலியில் தூக்கிப் போனார்கள். அவ்வளவு வாதம். அவரும் வின்சர் பக்கம் ஒற்றைக் குதிரை வண்டியை வெறியோடு ஓட்டி வேட்டையாடினார். ஒரே நாளில் நாற்பது மைலுக்கு மேல் போனதை 1711-இல் எழுத்தாளர் ஸ்விஃப்ட் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இன்று அமெரிக்காவில் பல மாநிலங்கள், நடக்க முடியாதவர்கள் நிறுத்திய வண்டியில் இருந்தபடியே வேட்டையாடத் தனி அனுமதி தருகின்றன. நம் நாட்டில் 1972 சட்டப்படி இன்று வேட்டை கிடையாது, அது நல்லதுதான். நான் நினைப்பது வேறு. ராஜாவுக்குக் கை போனதும் வண்டியை மாற்றினார்கள். 'வீட்டிலேயே இருங்கள்' என்று யாரும் சொல்லவில்லை.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது. எங்கள் பிரிவு மாடியில். தினமும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறி வருவார். அவர் மேசையைக் கீழ்த்தளத்தில் போடலாம் என்று கோப்பில் நாலு வரி குறிப்பு எழுதினால் போதும். குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. அதை மட்டும் நான் எழுதவில்லை. 'பாவம், சமாளிக்கிறார்' என்று பாராட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கும் முழங்கால் வலி. வங்கிப் படி ஏறும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது.