துப்பாக்கி யார் கையில்?

முடிச்சூர்த் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு வினா விடுத்துள்ளனர். அமெரிக்காவிலே துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை. 1791-இலேயே அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். இங்கோ, அதிகாரி பார்த்துக் கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. நம்மிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தவன் வெள்ளையன். அவன் கப்பலேறிய பின்னும் பறிபோனது திரும்பவில்லையே, இது அடிமைத்தனத்தின் எச்சமன்றோ என்பது அவர்தம் கேள்வி.

கேள்வியிலே சூடு இருக்கிறது. பாதி உண்மையும் இருக்கிறது.

பறித்தவன் வெள்ளையன்தான். 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு, மேஜர் பானர்மன் பாளையக்காரர்களுக்குக் கட்டளையிட்டான்: கோட்டைகளை இடியுங்கள், ஆயுதங்களை ஒப்படையுங்கள் என்று. ஈராண்டு கழித்து மருது சகோதரர்களையும் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டனர். அந்த டிசம்பரிலேயே சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் வெளியிட்டான். வேலையும் துப்பாக்கியையும் கீழே வை, ஜமீன்தார் என்ற பெயரை வாங்கிக்கொள் என்பதே அதிலிருந்த பேரம். வாங்கிக்கொண்டோர் பலர். ஆயுதம் போனதற்கு அழுத கண்கள், நிலம் நிலைத்ததும் உலர்ந்துவிட்டன.

அந்தக் கிளர்ச்சியிலே உழவரும் உயிர் கொடுத்தனர், மறுக்கவில்லை. ஆனால் கிளர்ச்சி இல்லாத நாட்களிலே, பாளையத்துப் படைக்கலம் யார் கையில் இருந்தது? தேசகாவல், தலக்காவல் என்று சொல்லி ஊராரிடம் வரி தண்டியவர்களின் கையில் இருந்தது. சேரியிலே பிறந்தவன் கையில் அது எந்நாளும் உரிமையாக இருந்ததில்லை. அவனிடம் இல்லாததை அவனிடமிருந்து யார் பறிப்பது?

1878-க்கு வருவோம். வைசிராய் லிட்டன் ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்களைக் கொணர்ந்தான். ஒன்று தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிற்று. மற்றொன்று இந்தியரின் கையைக் கட்டிற்று. முன்னதை ரிப்பன் பிரபு நீக்கினார், பின்னதை நீக்கவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தவருக்கும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை போலும்! அந்த ஆயுதச் சட்டம் எல்லாரையும் ஒன்றாக நடத்தியிருந்தால்கூடப் பொறுக்கலாம். ஐரோப்பியனுக்கு லைசென்சு வேண்டாம், ஆங்கிலோ-இந்தியனுக்கு வேண்டாம். மகாராஜாக்களுக்கும் பட்டம் பெற்ற பிரபுக்களுக்கும் கூடச் சலுகை உண்டு. மற்றவர்கள் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். தோலின் நிறத்தையும் பட்டத்தின் நீளத்தையும் பார்த்துத் துப்பாக்கியை அளந்து கொடுத்த சட்டம் அது.

இதை எதிர்த்துக் காங்கிரசு மகாசபை, நம் சென்னையில் 1887 டிசம்பரில் கூடியபோது தீர்மானம் போட்டது. மக்கள் ராஜவிசுவாசிகள், ஆகவே ஆயுதம் வைத்திருக்க அனுமதியுங்கள் என்று கேட்டது. வக்கீல்களும் மிட்டாதார்களும் நிறைந்த சபை. அவர்கள் துப்பாக்கி கேட்ட அதே நாளில், காலில் செருப்பணிந்து ஊர்த்தெருவிலே நடக்க இயலாத மனிதர்கள் இருந்தனர். தோளிலே துண்டு போட்டால் அடிபட்டனர். அந்த உரிமைக்கு அச்சபையில் தீர்மானம் இல்லை. பறித்தவன்மீது கோபம் இருந்தது. தாமே பிறரிடம் பறித்து வைத்திருப்பது நினைவுக்கு வரவில்லை.

அமெரிக்காவைக் காட்டிய தோழர்கள் அங்கேயும் சற்று உற்று நோக்கவேண்டும். 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கிலே, கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி டானி அதற்குக் காட்டிய காரணங்களில் ஒன்று எது தெரியுமா? அவர்களைக் குடிமக்கள் என்று ஒப்பினால், எங்கு சென்றாலும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே என்பது! உரிமைச் சாசனத்திலே எழுதியிருந்த ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் அடிமை அடங்கவில்லை.

நம் நாட்டிலும் இந்த உரிமையை அரசியல் சட்டத்திலே எழுதிவிட முயற்சி நடந்ததுண்டு. 1931-இல் கராச்சிக் காங்கிரசு, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதை நினைவூட்டி, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையிலே எச். வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் எதிர்த்தார். அப்படி எழுதிவிட்டால் திருடனும் அதே உரிமையைக் கேட்பானே என்றார். நாம் வலியுறுத்த வேண்டியது ஆயுதம் ஏந்தும் தனிமனித உரிமையை அன்று, நாட்டுக்காக ஏந்தவேண்டிய கடமையை என்றார். திருத்தம் வீழ்ந்தது. இன்று 19-ஆம் பிரிவு தரும் உரிமை, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் துப்பாக்கி உரிமையை மறுத்தாரே என்று வியப்பவர் உண்டு. நமக்கு வியப்பில்லை. எல்லாருக்கும் உரிமை என்று ஏட்டிலே எழுதினால், கிராமத்திலே அதை முதலில் விலை கொடுத்து வாங்குபவன் யார் என்பது அவருக்குத் தெரியாதா?

தற்காப்புக்கு என்பார்கள். முடிச்சூர்த் தோழர்களுக்கு நெடுந்தொலைவில்லாத நந்தம்பாக்கத்தையே காட்டுவோம். 1967 சனவரி 12-ஆம் நாள், இராமாவரம் தோட்டத்திலே எம்.ஜி.ஆரைச் சுட்டவர் எவனோ வழிப்பறிக்காரன் அல்லன். உடன் நடித்த எம். ஆர். இராதா. மூடநம்பிக்கையைச் சாடிச் சாடி நாடக மேடையை அதிரவைத்த பகுத்தறிவாளர். சொல்லவே நெஞ்சு கனக்கிறது. ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும். கழுத்திலே குண்டு பாய்ந்தவர் மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார்; பழைய குரல் திரும்பவில்லை. அறிந்தவர்க்கிடையே மூண்ட சினத்துக்குக் கைத்துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

1959-இல் நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டம் இயற்றிற்று. அதன் 14-ஆம் பிரிவிலே ஒரு வாசகம் உண்டு: போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி லைசென்சு மறுக்கக்கூடாது என்று. அதுவரை எப்படி மறுத்துவந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் அதே சட்டத்தின்கீழ், குடகிலே பிறந்த குடவருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் லைசென்சிலிருந்து விலக்கு இன்றும் உண்டு. வெள்ளையன் காலத்துச் சலுகை. 2019-இல் மேலும் பத்தாண்டு நீட்டினார்கள். கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-இல் செல்லும் என்றது. குடவர்கள் நல்லவர்கள், வீரர்கள்; அதிலே நமக்கு ஐயமில்லை. பிறப்பைப் பார்த்து ஒரு சட்டம் விலக்குத் தருகிறதே, அதுதான் உறுத்துகிறது.

இனி, வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக மிராசுதார்களின் கூட்டம் கீழவெண்மணிச் சேரியைச் சூழ்ந்தது. துப்பாக்கியால் சுட்டது. ஓடியவர்கள் உயிர் பிழைத்தனர். ஓட இயலாத பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் ஒரு குடிசைக்குள் புகுந்தனர். அதற்குத் தீ வைத்தார்கள். 44 பேர். அண்ணா முதலமைச்சராயிருந்த நாள் அது. நம் ஆட்சியில் நடந்தது என்பதை மறைத்துப் பேச நாம் வரவில்லை. 1973-இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் பணக்காரர்கள் நேரிலே நடந்து போய்க் குற்றம் செய்திருப்பார்களா என்று நீதிமான்கள் ஐயுற்றார்களாம்!

முடிச்சூர்த் தோழர்களுக்கு நாம் தரும் விடை இந்த இரவிலிருந்துதான் தொடங்குகிறது. சேரிக்கும் ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும், தோன்றுவது இயல்பே. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995-இல் வகுத்த விதிகளில் மூன்றாவது விதி அதற்கும் இடம் தருகிறது. தேவையென்று கருதினால் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் லைசென்சு வழங்கலாம். ஆனால் அந்த விதி அதற்கு முன்னரே வேறிரண்டைச் சொல்கிறது. கொடுமை நிகழக்கூடிய பகுதி என்று அரசு கண்டறிந்த இடத்திலே, ஆதிக்கம் செய்வோரின் லைசென்சை ரத்துசெய்யலாம். அவர்தம் உறவினர், வேலையாட்கள் ஆகியோரின் துப்பாக்கிகளையும் சர்க்கார் ஆயுதக்கிடங்கில் வைக்கச் சொல்லலாம். கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்றலாம். 1878-இன் சட்டம் உன் நிறமென்ன என்று கேட்டது. இந்த விதி, அந்தத் துப்பாக்கி யாரை நோக்கி நீள்கிறது என்று கேட்கிறது. ஏழைக்கும் ஒரு துப்பாக்கி என்பதைவிட, ஏழையை மிரட்டும் துப்பாக்கியை இறக்கு என்பதே நமக்கு உகந்த முழக்கம்.

விதி ஏட்டில் இருக்கிறது. இதே விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். 2005-க்குப் பின் தகவல் கேட்கும் உரிமையும் நம் கையில் இருக்கிறது. செங்கற்பட்டு மாவட்டத்திலே மூன்றாவது விதியின்படி இதுவரை எத்தனை லைசென்சுகள் ரத்தாயின, எந்தெந்த ஊர்களில் என்று முடிச்சூர்த் தோழர்கள் ஒரு தாளில் எழுதிக் கேட்கட்டும். வரும் பதிலை நமக்கு அனுப்பி வைக்கட்டும்.